சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை

"சாப்டீங்களா ஆயா?"

வாசலில் வந்து நிற்கும் சுகாதாரப் பணியாளர் முதலில் கேட்பது இதைத்தான். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். சாப்பிட்டாயிற்று என்று தெரிந்தபின் வயதைக் கேட்டு, நோட்டில் குறித்துக்கொண்டு, டப்பாவிலிருந்து மாத்திரைகளை எண்ணி உள்ளங்கையில் வைப்பார். இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை 100 மில்லிகிராம், ஆறிலிருந்து பதினான்கு வரை 200, அதற்கு மேல் 300. கர்ப்பிணிகளுக்கும், இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் கிடையாது. வாங்கி முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்கிற கதையும் நடக்காது. "என் எதிர்லயே முழுங்கிடுங்க ஆயா" என்று காத்து நிற்பார். ஆயாவிடமும் ஒரு கேள்வி தயாராக இருக்கும்: "நல்லா இருக்குற ஒடம்புக்கு எதுக்கும்மா மாத்திரை?"

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராக சுவாமி கோயிலைச் சுற்றிய தெருக்களிலும், அதைத் தாண்டி முந்திரியும் மல்லாட்டையும் விளையும் ஊர்களிலும் இந்தப் பேச்சு பழகிப்போன ஒன்றாக இருந்தது. தமிழ்நாட்டில் யானைக்கால் நோயை ஒழிக்க ஊரில் உள்ள எல்லோருக்கும் ஒரே வேளை மாத்திரை கொடுக்கும் திட்டம் 1996-ல் முன்னோடியாகத் தொடங்கியது கடலூர் மாவட்டத்தில்தான். மற்ற மாவட்டங்கள் அதன் பின்னால் வந்தன.

மாத்திரையின் பெயர் டைஎத்தில்கார்பமசின். வாயில் நுழையாத பெயர் என்பதால் மருத்துவர்களும் டி.இ.சி. என்றுதான் சொல்கிறார்கள். இதில் ஒரு வினோதம் உண்டு. யானைக்கால் புழுவின் குஞ்சுகளைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, மாத்திரை சாப்பிட்டவரின் இரத்தத்தில் சேரும் அளவுக்கு இந்த மருந்தைக் கலந்தால், அவை பாட்டுக்கு நெளிந்துகொண்டே இருக்கும். அதே அளவு மருந்தை உடம்புக்குள் செலுத்தினால் சில நிமிடங்களில் இரத்தத்தில் புழுவைக் காணோம். அப்படியானால் புழுவை ஒழிப்பது மருந்து மட்டுமல்ல. மருந்து வந்து சேர்ந்ததும் இரத்தக் குழாயின் சுவரும் வெள்ளணுக்களும் சேர்ந்து செய்கிற ஏதோ ஒன்று. அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று மருந்தியல் ஆய்வாளர்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் புழு. உச்செரேரியா பான்கிராஃப்டி என்பது அதன் முழுப் பெயர். பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம், நூல் கனம். ஆண் அதில் பாதி. இவை இரத்தத்தில் வாழ்வதில்லை. நிணநீர்க் குழாய்களில் ஆணும் பெண்ணும் சுருண்டு கிடந்து, ஐந்து முதல் எட்டு ஆண்டுகள்வரை குடித்தனம் நடத்துகின்றன. அவை ஈனும் குஞ்சுகளான நுண்புழுக்கள்தான் இரத்தத்தில் திரிகின்றன. ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு நீளம். லட்சக்கணக்கில் பிறந்தாலும் உடலுக்குள்ளேயே வளர்ந்து பெரிய புழுவாக அவற்றால் முடியாது. அதற்கு ஒரு கொசு வந்து உறிஞ்ச வேண்டும். நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது கியூலெக்ஸ் கொசு. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் முட்டையிட்டு, இரவில் காதோரம் ரீங்கரிக்குமே, அதுதான்.

கொசு இரவில் கடிக்கும் என்பது நுண்புழுவுக்குத் 'தெரியும்'. பகலில் விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்தால் ஒன்றும் அகப்படாது. இரவு பத்து மணிக்கு மேல், இரண்டு மணிக்குள் எடுத்தால் அதே விரலில் டஜன் கணக்கில் வரும். அதனால்தான் இரவு இரத்தப் பரிசோதனைக்கு ஆட்கள் டார்ச் விளக்கோடு வருவார்கள். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மனிதர் கையை நீட்டுவார். இருபது கன மில்லிமீட்டர் இரத்தம், அதாவது ஒரு சொட்டுக்கும் குறைவு, கண்ணாடிச் சில்லில் தடவப்படும். மறுநாள் காய்ந்த சில்லைத் தண்ணீரில் அலசிச் சிவப்பு நிறத்தைப் போக்கி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், மெல்லிய உறைக்குள் வளைந்து கிடக்கும் புழு தெரியும். உடல் முழுக்க நீலப் புள்ளிகள், வால் நுனி மட்டும் வெறுமை. இது உச்செரேரியாதான் என்று சொல்ல ஆய்வகத்தில் இருப்பவர் தேடுவது அந்த வெறும் வால் நுனியை.

பகலில் அவை எங்கே போகின்றன? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த விதம் கொஞ்சம் துயரமானது. கொசுதான் இப்புழுவை ஏற்றுக்கொள்கிறது என்று 1877-ல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் கண்டறிந்த பேட்ரிக் மேன்சன், பின்னாளில் லண்டனில் இருந்தபோது அவருடைய நோயாளி ஒருவர் காலை வேளையில் நஞ்சு அருந்தி இறந்துபோனார். உடலை அறுத்துப் பார்த்தபோது நுண்புழுக்கள் நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் மொய்த்துக் கிடந்தன. இதற்கு முன்பே, 1881-ல், ஸ்டீஃபன் மெக்கென்சி ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவும் இரவில் விழித்திருக்கவும் செய்து பார்த்திருந்தார். சில நாட்களில் நுண்புழுக்களும் ஷிஃப்ட் மாறிக்கொண்டன. கடிகாரம் புழுவிடம் இல்லை, நம் தூக்கத்தில் இருக்கிறது. நுரையீரலில் குழாய்ச் சுவரைப் பற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தை எதிர்த்துப் பகல் முழுக்க நிற்பது என்றால், அந்தச் சுவரோடு புழுவுக்கு ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்க வேண்டும். இதைப் பிற்பாடு பார்ப்போம்.

இனி, புழு குடியிருக்கும் குழாய்.

காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயிக்கு நிணநீரைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வீராணம் ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. வயலில் தேங்குவதை வடிகால் கொண்டுபோகிறது. வாய்க்கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வடிகால் தூர்ந்தால் பயிர் அழுகும். உடலில் தமனியும் நுண்குழாயும் வாய்க்கால். நிணநீர்க் குழாய் வடிகால். நுண்குழாய்களின் சுவர் வழியாக நாள்தோறும் லிட்டர் கணக்கில் நீர் திசுக்களுக்குள் கசிகிறது. கசிந்ததில் பெரும்பகுதி சிரைப் பக்கத்து நுண்குழாய்களிலேயே திரும்ப உறிஞ்சப்படுகிறது என்று எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896-ல் எழுதியதைப் பாடநூல்கள் ஒரு நூற்றாண்டு சொல்லிவந்தன. 2010-ல் லெவிக், மிச்செல் என்ற இரு உடலியல் ஆய்வாளர்கள் அதுவரை சேர்ந்திருந்த அளவீடுகளைத் தொகுத்து, பெரும்பாலான திசுக்களில் அப்படித் தொடர்ச்சியாக உறிஞ்சப்படுவதே இல்லை, கசிந்ததைத் திருப்பிக் கொண்டுவருவது நிணநீர்க் குழாய்தான் என்று காட்டினார்கள். நாம் நினைத்திருந்ததைவிட வடிகாலுக்கு வேலை அதிகம். அந்த வடிகாலின் நடுவில் பத்து சென்டிமீட்டர் நூல்கள் சுருண்டு கிடந்தால் என்ன ஆகும்?

அடைத்துக்கொள்ளும் என்றுதான் யாரும் சொல்வார்கள். நீண்ட காலம் மருத்துவமும் அப்படித்தான் சொன்னது. ஆனால் பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரேயர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1990-களில் அல்ட்ராசவுண்ட் கருவியை நோயாளிகளின் விரைப்பையில் வைத்துப் பார்த்தபோது, குழாய்க்குள் புழுக்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. 'ஃபைலேரியா நடனம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். புழுக்கள் இருந்த இடத்தில் குழாய் அடைபடவில்லை. மாறாக விரிந்திருந்தது. வலியில்லை, சிவப்பில்லை, அழற்சியின் அடையாளமே இல்லை. அந்த மனிதர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆயாவின் "நல்லா இருக்குற ஒடம்பு" இதுதான். உயிரோடு இருக்கும் புழு வீட்டுக்காரரை எழுப்பாமல் குடியிருக்கிறது. அது வெளியிடும் பொருள்கள் நிணநீர்க் குழாயின் சுவரை விரியச் செய்கின்றன. கூடவே நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தணித்தும் வைக்கின்றன. புழு சாகும்போதுதான் உடல் விழித்துக்கொள்கிறது. தொடையிடுக்கில் நெறி கட்டும், அங்கிருந்து காலை நோக்கிக் கீழே ஒரு சிவந்த கயிறுபோல வீக்கம் இறங்கும், குளிரோடு காய்ச்சல் வரும். நாலைந்து நாளில் அடங்கிவிடும். ஆனால் விரிந்துபோன குழாயின் வால்வுகள் பழையபடி மூடுவதில்லை.

இப்போது மருந்தின் கதைக்கு வரலாம். அது தொடங்குவது அன்றைய சென்னை மாகாணத்தில்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்த, அறுவைச் சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்திருந்தும் அவருக்குக் கிடைத்தது எம்.பி.பி.எஸ். அல்ல, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ். சகோதரரைக் குடல் நோயான ஸ்ப்ரூவுக்குப் பறிகொடுத்திருந்தார். வெப்ப மண்டல நோய்களைப் படிக்க வேண்டும் என்று 1922-ல் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறியவர் திரும்பவே இல்லை. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து அவர் 1925-ல் வகுத்த பாஸ்பரஸ் அளவீட்டு முறை உயிர்வேதியியல் மாணவர்களுக்கு இன்றும் பழக்கமான பெயர். தசையின் ஆற்றல் கையிருப்பான பாஸ்போகிரியாட்டினும் ஏ.டி.பி.யும் அந்த ஆய்வகத்தில் தெரியவந்தவை. ஆனாலும் ஹார்வர்ட் அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் ஊரிலிருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார்.

அங்கே அவரைத் தேடி யானைக்கால் புழு வந்தது, போர் வழியாக. 1942 முதல் பசிபிக் தீவுகளில் இறங்கிய அமெரிக்கக் கடற்படையினரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தொற்றுக்கு ஆளானார்கள். கையும் விரைப்பையும் வீங்கும், சிவக்கும், சில நாளில் வடியும், மறுபடி வரும். சமோவா மக்கள் அதை 'முமு' என்றார்கள். மருத்துவர்களைக் குழப்பியது வேறொன்று. இந்த வீரர்களின் இரத்தத்தில் நுண்புழு அரிதாகவே அகப்பட்டது. புழு கொஞ்சம், வீக்கம் அதிகம். பிறந்ததிலிருந்து தீவில் இருந்தவர்களின் நிலைமை நேர் எதிர்: இரத்தம் நிறையப் புழு, ஆனால் பலருக்கு உபாதையே இல்லை. நோயின் கனம் புழுவின் எண்ணிக்கையில் இல்லை, உடல் அதற்குக் காட்டும் எதிர்ப்பில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அன்று அதை யாரும் அந்தக் கோணத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் இருந்த ஆர்செனிக், ஆன்டிமனி மருந்துகளின் நஞ்சு எல்லோரையும் கவலைப்பட வைத்திருந்தது; வேறு மருந்து வேண்டும் என்பதே முதல் பாடாக இருந்தது.

சுப்பாராவின் குழு நூற்றுக்கணக்கான சேர்மங்களைப் பருத்தி எலிகளிலும் நாய்களிலும் சோதித்தது. எலியின் மார்புக்கூட்டில் வாழும் ஒரு புழு, நாயின் இதயத்தில் வாழும் ஒரு புழு, இரண்டும் யானைக்கால் புழுவுக்குத் தூரத்து உறவு. பைப்பரசீன் வளையத்தைக் கொண்ட 84-எல் என்ற சேர்மம் வாய்வழி கொடுத்தாலே வேலை செய்தது. ஹூவிட், கஷ்னர் முதலியோருடன் சுப்பாராவின் பெயரும் தாங்கி 1947-ல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதே ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 'ஹெட்ரசான்' என்ற வணிகப் பெயரில் அது கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார். வயது 53. அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்த மெத்தோட்ரெக்சேட் இன்று மூட்டு அழற்சிக்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்படுகிறது. அவர் தேடியது அழற்சி மருந்தை அல்ல. ஆனாலும் இரண்டு பெரிய மருந்துகள் அந்தப் பக்கம் போய் நின்றது கவனிக்கத்தக்கது.

எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே ஒரு மருந்து கடைக்கு வருவது அப்போது வழக்கம்தான். அதைக் கண்டுபிடிக்க இறங்கியவர் பிரிட்டனின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்த ஃபிராங்க் ஹாக்கிங். (கருந்துளை ஆய்வால் பெயர்பெற்ற ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தை. மகனுடைய புகழில் தந்தையின் புழுக்கள் மறைந்துபோயின.) 1950-ல் அவர் தன் சகாக்களுடன் வெளியிட்ட கட்டுரையில்தான் அந்தக் கண்ணாடிக் கிண்ண வினோதம் வருகிறது. ஊசி போட்ட எலியில் சில நிமிடங்களில் நுண்புழுக்கள் இரத்தத்திலிருந்து அகன்று கல்லீரலின் நுண்குழாய்களில் போய்ச் சேர்ந்தன. அங்கே விழுங்கு செல்கள் அவற்றைச் சூழ்ந்து தின்றன. மருந்து புழுவுக்குள் ஏதோ செய்து, உடல் அதை அடையாளம் காணும்படி ஆக்குகிறது என்று ஹாக்கிங் ஊகித்தார். ஊகத்துக்கு மேல் போக அன்று கருவி இல்லை.

கருவி வேறு திசையிலிருந்து வந்தது. ஆஸ்பிரின் எப்படி வலியைத் தணிக்கிறது என்பதை ஜான் வேன் 1971-ல் விளக்கினார்: புரோஸ்டகிளாண்டின் எனப்படும் கொழுப்பு வழிப் பொருள்கள் உருவாவதை அது தடுக்கிறது. 1976-ல் அதே வேனும் சால்வடார் மொன்காடாவும் சகாக்களும் இரத்தக் குழாய்ச் சுவரே அப்படியொரு பொருளைச் சுரக்கிறது என்று கண்டார்கள். அதன் பெயர் புரோஸ்டசைக்ளின். அது குழாயை விரிக்கிறது, தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. அதுவரை குழாய்ச் சுவரின் உள்பக்கத்தில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலியம் என்ற செல் வரிசையை வெறும் பூச்சு என்றே பெரும்பாலோர் கருதியிருந்தார்கள். அது ஒரு சுரப்பி போல வேலை செய்கிறது என்பது அந்த எழுபதுகளின் கண்டுபிடிப்பு. 1980-ல் ராபர்ட் ஃபர்ச்காட் அதே செல்கள் குழாயைத் தளர்த்தும் இன்னொரு பொருளையும் வெளியிடுவதைக் காட்டினார். அது நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெரிந்தது. இரண்டு கண்டுபிடிப்புகளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது, 1982-லும் 1998-லும்.

இப்போது நுரையீரல் குழாயில் பகல் முழுக்கப் பற்றி நிற்கும் நுண்புழுவை நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றித் தட்டணுக்கள் ஏன் திரளவில்லை? வெள்ளணு ஏன் ஒட்டவில்லை? 1990-ல் லியோ லியூ, சார்லஸ் செர்ஹான், பீட்டர் வெல்லர் ஆகியோர் ஹார்வர்டில் கண்டது இது: நுண்புழுவே புரோஸ்டசைக்ளினைத் தயாரிக்கிறது. நம் இரத்தக் குழாய்ச் சுவர் எதைச் சுரந்து இரத்தத்தை உறையாமல் வைத்திருக்கிறதோ, அதே பொருளைப் புழுவும் சுரக்கிறது. இதைவிட நயமான திருட்டை ஒட்டுண்ணிகளின் உலகில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டே கனேச தாசன், டக்ளஸ், கசுரா ஆகியோரின் கட்டுரை வந்தது. டி.இ.சி. கொடுத்தால் எண்டோதீலியச் செல்களிலும் நுண்புழுக்களிலும் இந்தப் பொருள்களின் உற்பத்தி குறைகிறது. படம் பொருந்தி வருவதாகத் தோன்றியது: மருந்து புழுவின் வேஷத்தைக் கலைக்கிறது, குழாய்ச் சுவர் சுருங்குகிறது, தட்டணுவும் வெள்ளணுவும் ஒட்டுகின்றன, கல்லீரலில் கதை முடிகிறது. அழகான விளக்கம். அறிவியலில் அழகான விளக்கங்களை உடனே நம்பிவிடக் கூடாது என்பதை அடுத்த சோதனை காட்டியது. 2005-ல் லிவர்பூல் வெப்ப மண்டல மருத்துவக் கல்லூரியில் மெக்கேரி, பிளான்ட், டெய்லர் மூவரும், அழற்சியின்போது நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் மரபணு இல்லாத எலிகளுக்கு டி.இ.சி. கொடுத்தார்கள். மருந்து பலிக்கவில்லை. புரோஸ்டகிளாண்டின் பாதையை அடைத்த எலிகளிலும் பலிக்கவில்லை. முந்தைய கட்டுரை அந்தப் பாதையை மருந்து தடுக்கிறது என்றது; இந்தக் கட்டுரையோ அந்தப் பாதை இல்லாவிட்டால் மருந்தே இல்லை என்கிறது. கண்ணாடியில் வளர்த்த செல்லும் உயிருள்ள எலியும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லைதான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பொருத்தும் விளக்கம் இன்னும் ஒழுங்காக வரவில்லை. போதாக்குறைக்கு 2020-ல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மார்ட்டின் குழுவினர், இந்த மருந்து புழுவின் தசையில் உள்ள டி.ஆர்.பி. எனும் அயனி வாயில்களைத் திறந்து அதை விறைக்கச் செய்கிறது என்று காட்டினார்கள். அப்படியானால் புழு மீது நேரடி அடியும் கொஞ்சம் உண்டு. ஹாக்கிங்கின் ஊகம் மொத்தமாகப் பொய்க்கவில்லை என்பதே இதுவரையான நிலவரம்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மருந்தையும் சொல்ல வேண்டும். 1988-ல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த வி. குமாரசாமியும், அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் எரிக் ஓட்டெசனும் மற்றவர்களும் நுண்புழு உள்ள நாற்பது ஆண்களுக்கு ஐவர்மெக்டின் ஒரே வேளை கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் எல்லோருடைய இரத்தமும் துப்புரவானது. ஆனால் சில மாதங்களில் நுண்புழுக்கள் திரும்பின, ஏனென்றால் தாய்ப்புழு சாகவில்லை. டி.இ.சி.க்குத் தாய்ப்புழுக்களில் ஒரு பகுதியையாவது கொல்லும் திறன் உண்டு. மூன்றாவது மருந்தான அல்பெண்டசோலை 2007 முதல் இந்தியா டி.இ.சி.யோடு சேர்த்துக் கொடுக்கிறது. மூன்றையும் ஒரே வேளையில் கொடுத்தால் நுண்புழுக்கள் மூன்று ஆண்டுகள்வரை தலைகாட்டுவதில்லை என்று 2018-ல் பப்புவா நியூ கினியிலிருந்து முடிவு வந்தது.

மாத்திரை சாப்பிட்ட மறுநாள் சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் உடம்பு வலியும் வரும். ஊரில் புரளி கிளம்ப இது போதும். ஆனால் அந்தக் காய்ச்சல் மருந்தால் வருவது குறைவு. புழுக்கள் சாவதால் வருவதே அதிகம். யாருடைய இரத்தத்தில் நுண்புழு மிகுதியோ அவருக்கே உபாதையும் மிகுதி. புழுவுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. புழு சாகும்போது அது இரத்தத்தில் கொட்டுகிறது, உடல் அதைக் கண்டு கொதிக்கிறது. பலருக்கு இதை யாரும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அடுத்த ஆண்டு மாத்திரையைத் துப்புகிறவர்கள் குறைந்திருப்பார்கள்.

ஏற்கெனவே வீங்கிவிட்ட கால் வேறு கதை. அதில் பெரும்பாலும் உயிருள்ள புழு இருக்காது. சென்னையில் சுபாஷ் பாபுவும் சகாக்களும் தமிழ்நாட்டு நோயாளிகளிடம் செய்த ஆய்வுகளில், வீக்கம் உள்ளவர்களின் வெள்ளணுக்கள் புழுப் புரதத்தைக் கண்டதும் அழற்சியைத் தூண்டும் வகையில் சீறுவதும், அதைத் தணிக்க வேண்டிய செல்கள் போதாமல் இருப்பதும் தெரியவந்தது. அவர்களின் இரத்தத்தில் பாக்டீரியாவின் துணுக்குகளும் கூடுதலாக இருந்தன. புழு தொடங்கியதைப் பாக்டீரியா தொடர்கிறது. நிணநீர் தேங்கிய தோல் சீக்கிரம் வெடிக்கும், கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும், அந்த வழியாகக் கிருமி நுழையும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் கனக்கும். நிணநீர்க் குழாயை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப்.-சி என்ற புரதம் இதில் பங்கெடுக்கிறது. கானாவில் டாக்சிசைக்ளின் கொடுத்தபோது அந்தப் புரதமும் குறைந்தது, காலும் சற்று மெலிந்தது என்று 2006-ல் அறிவித்தார்கள். பின்னர் வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. மருந்து பெற்றவர்களும் பெறாதவர்களும் முன்னேறினார்கள், ஏனென்றால் இரு சாராருக்கும் கால் கழுவக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

கால் கழுவுவதில் கற்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது. சோப்பை நேரே காலில் தேய்க்காமல் கையில் நுரையாக்கிக்கொள்ள வேண்டும். மடிப்புகளுக்குள் விரலை விட்டுக் கழுவ வேண்டும். அழுத்தித் துடைக்காமல் மெல்லிய துணியால் ஒற்ற வேண்டும். விரல் இடுக்கில் ஈரம் நிற்கவே கூடாது. இடுக்கில் புண் இருந்தால் களிம்பு. உட்காரும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும், வெறுங்காலோடு வயலில் இறங்கக் கூடாது. கடைசி இரண்டையும் நாற்று நடுகிற பெண்ணிடம் சொல்வது எளிது, அவர் செய்வது கஷ்டம். கேரளத்தின் ஆலப்புழையில் ஆர்.கே. ஷெனாய் குழுவினர் இந்தப் பராமரிப்பு காய்ச்சல்களைக் குறைப்பதை நோயாளிகளிடமே சோதித்துக் காட்டினார்கள். பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தால் நிணநீர்க் குழாயின் தொடக்ககாலச் சிதைவு சரியாகிவிடுகிறது என்பதையும் 2009-ல் அவர்களே அறிவித்தார்கள். கால் முற்றிலும் வீங்கி, தோல் தடித்து மடிந்த நான்காம் நிலையில் அது நடக்காது. அந்த நிலையில் உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை தருகிறது.

எல்லோருக்கும் மாத்திரை என்ற யோசனைக்கு அடிப்படை போட்டதில் அண்டையில் இருக்கும் புதுச்சேரிக்கு ஒரு பங்கு உண்டு. 1975-ல் தொடங்கிய கொசு ஆராய்ச்சி மையம் எண்பதுகளில் பி.கே. ராஜகோபாலன் தலைமையில் சாக்கடையை மூடியும் குட்டைகளில் மீன் விட்டும் கொசுவைக் குறைத்துப் பார்த்தது. பிறகு கே.டி. ராமையா, பி.கே. தாஸ் முதலியோர் பக்கத்துத் தமிழகக் கிராமங்களில் ஆண்டுக்கு ஒரு வேளை மருந்து தொற்றை எவ்வளவு குறைக்கிறது என்று வருடக் கணக்கில் அளந்தார்கள். முன்பு பன்னிரண்டு நாள் சாப்பிட வேண்டியிருந்த டி.இ.சி.யின் ஒற்றை வேளையே ஓராண்டுக்குப் பிறகும் நுண்புழுவைக் கட்டுக்குள் வைத்திருந்தது. இந்த நோயால் இந்தியா ஆண்டுக்கு 84 கோடி டாலருக்கு மேல் இழக்கிறது என்று ராமையாவும் சகாக்களும் 2000-ல் கணக்கிட்டார்கள். மருந்தை உப்பிலேயே கலந்துவிடும் வழியும் இருந்தது. அதை முன்வைத்ததும் ஹாக்கிங்தான். காரைக்காலில் அதைச் செய்து பார்த்தார்கள். சீனா அதை வைத்தே நோயை ஒழித்தது. இங்கே நிலைத்தது மாத்திரை.

மாத்திரை நின்ற பிறகு தொற்று நின்றதா என்று பார்க்க இப்போது ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைச் சோதிக்கிறார்கள். அந்த வயதுப் பிள்ளையிடம் புழு இருந்தால் அண்மையில்தான் கொசு கொண்டுவந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பட்டப்பகலில் விரலில் குத்தி ஒரு பட்டையில் சொட்டு விட்டால், பத்து நிமிடத்தில் கோடு தெரியும் அல்லது தெரியாது. நுண்புழு நுரையீரலில் ஒளிந்திருந்தாலும் தாய்ப்புழுவின் புரதம் இரவு பகல் பாராமல் இரத்தத்தில் கலந்திருக்கும். கோடு தெரிந்த பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் இரவு பத்து மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு ஆள் போவார்.